வாய் வறண்டு போகிறதா? தண்ணீர் பாட்டிலை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

வாய் வறட்சி என்று யாரிடம் சொன்னாலும் உடனே வரும் பதில், "தண்ணி நிறைய குடி". சிலருக்கு அது சரியான பதில்தான். ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு அது நேரடியாக ஆபத்து, கழுத்தில் ரேடியேஷன் வாங்கியவருக்கு அது ஐந்து நிமிடம் மட்டும் தாங்கும், அலர்ஜி மாத்திரையும் தூக்க மாத்திரையும் சேர்த்துப் போடுகிறவருக்கோ அது பிரச்சினையின் பக்கமே போகாது. உங்களுக்கு ஏற்கெனவே என்ன நோய், என்ன மருந்து, என்ன சிகிச்சை நடந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் வாய் வறட்சிக்கு வழி தேட வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது: முதலில் எச்சில் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது, அப்புறம் அவரவர் நிலைமைக்கு என்ன செய்யலாம் என்பது.

எச்சில் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

வாய் காய்ந்த மாதிரி இருப்பது வேறு, எச்சில் குறைந்து போவது வேறு. இரண்டும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. பதற்றத்தில் இருப்பவருக்கும் வாயால் மூச்சு விடுகிறவருக்கும் சுரப்பிகள் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்போதே வாய் ஒட்டும். இன்னொரு பக்கம், வழக்கமாகச் சுரப்பதில் கிட்டத்தட்ட பாதி குறைந்த பிறகுதான் பலருக்கு வறட்சியே உறைக்கும், அதற்குள் பல்லின் வேர்ப் பக்கம் சொத்தை ஆரம்பித்திருக்கலாம். ஒரு நாளைக்கு நமக்குச் சுரப்பது சுமார் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை. தூக்கத்தில் அது ஏறக்குறைய நின்றே போகிறது, அதனால் காலையில் எழுந்ததும் மட்டும் வாய் காய்ந்திருந்து பல் விளக்கியதும் சரியாகிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

வீட்டிலேயே அளக்கலாம். ஒரு சின்னக் கப், ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச், கடிகாரம், இவ்வளவு போதும். சாப்பிட்டு, பல் விளக்கி, புகைபிடித்து எல்லாம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, வாயில் இருப்பதை ஒரு தடவை விழுங்கிவிட்டு, தலையைக் குனிந்து உதட்டைத் திறந்து வைத்து, எச்சிலைத் தானாக வடிய விடுங்கள். நாக்கை அசைக்கக் கூடாது, கன்னத்தை உறிஞ்சக் கூடாது, அப்படிச் செய்தால் சுரப்பியைத் தூண்டிவிட்டதாகிவிடும், கணக்கு கெட்டுவிடும். 10 நிமிடம் கழித்து, நுரையை விட்டுவிட்டு அடியில் தங்கியதை சிரிஞ்சில் இழுத்துப் பாருங்கள். 3, 4 மில்லி வந்தால் சாதாரணம். 1 மில்லியோ அதற்கும் கீழோ வந்தால் எச்சில் தெளிவாகவே குறைந்திருக்கிறது. நடுவில் எங்காவது இருந்தால் வேறொரு நாள் அதே நேரத்தில் திரும்ப அளந்து பாருங்கள், ஏனென்றால் காலைக்கும் மதியத்துக்கும் அளவு மாறும்.

இதோடு நிறுத்த வேண்டாம். சர்க்கரையும் சுவையும் இல்லாத சூயிங்கம் ஒன்றை மென்றுகொண்டே 5 நிமிடம், காலி செய்த அதே கப்பில் துப்புங்கள். 5 மில்லிக்கு மேல் வந்தால் சுரப்பிகளுக்கு உயிர் இருக்கிறது, தூண்டினால் கொடுக்கின்றன என்று அர்த்தம். மூன்றரை மில்லிக்குக் கீழே என்றால் தூண்டியும் குறைவுதான். என்னைக் கேட்டால் முதல் எண்ணைவிட இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். மென்றால் எச்சில் வருகிறவருக்குச் சூயிங்கமும் சுரப்பைத் தூண்டும் மருந்தும் பலிக்கும், மென்றும் வராதவருக்கு வெளியிலிருந்து ஈரம் கொடுப்பதும் பல்லைக் காப்பாற்றுவதும்தான் வழி.

அளக்கப் பொறுமை இல்லையா, கண்ணாடி முன்னால் டார்ச் அடித்து நாக்கைத் தூக்கிப் பாருங்கள். நாக்குக்கு அடியில் பளபளவென்று எச்சில் தேங்கி நிற்க வேண்டும். அங்கே எதுவும் தேங்காமல், ஓரத்தில் வெள்ளையாக நுரை மட்டும் கோடு மாதிரி நின்றால், அல்லது கழுவித் துடைத்த விரலைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்து எடுக்கும்போது தோல் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தால், அளவு குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். காய்ந்த பிஸ்கட்டைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியவில்லை என்பதும் நல்ல அடையாளம்.

மாத்திரை டப்பாவைத் திறங்கள்

வாய் வறட்சிக்கு மிகச் சாதாரணமான காரணம் மருந்துதான். வயதானால் எச்சில் வற்றிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், வயதைவிட வயதோடு சேர்ந்து வரும் மாத்திரைகளுக்குத்தான் அதில் பங்கு அதிகம். எச்சில் சுரக்கச் சொல்லி நரம்பு அனுப்பும் செய்தியை அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரப்பிக்குக் கொண்டுபோகிறது. அதைத் தடுக்கும் மருந்து எதுவாக இருந்தாலும் வாய் காயும். மன அழுத்தத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சளிக்கும் அரிப்புக்கும் தரும் குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், சிறுநீர்ப்பைக்குத் தரும் ஆக்சிபியூட்டினின், பார்க்கின்சன் நோய்க்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில், இழுப்புக்கான டையோட்ரோப்பியம் இன்ஹேலர் எல்லாம் இந்த வகை. இவை தவிர நீர் மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்கான குளோனிடின், மார்ஃபின் வகை வலி மருந்துகள், மனநோய்க்கான பல மருந்துகள் வேறு வேறு வழியில் வறட்சி தருகின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வறட்டும், நாலைந்து சேரும்போதுதான் தாங்க முடியாமல் போகும்.

செய்ய வேண்டியது இது. நீங்கள் போடும் எல்லாவற்றையும், கடையில் நீங்களாக வாங்கும் சளி மருந்தும் சொட்டு மருந்தும் இன்ஹேலரும் உட்பட, எத்தனை மணிக்கு என்பதோடு ஒரு தாளில் எழுதுங்கள். வறட்சி எந்த மாதம் ஆரம்பித்தது, அந்தச் சமயத்தில் எந்த மருந்து புதிதாகச் சேர்ந்தது அல்லது அளவு கூடியது என்று பக்கத்தில் குறியுங்கள். அந்தத் தாளோடு டாக்டரிடம் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் எதை நிறுத்தலாம், எதன் அளவைக் குறைக்கலாம், எதற்குப் பதில் குறைவாக வறட்டும் மருந்து இருக்கிறது? குளோர்பெனிரமினுக்குப் பதில் லோராடடின் அல்லது ஃபெக்ஸோஃபெனடின், ஆக்சிபியூட்டினினுக்குப் பதில் மிராபெக்ரான் என்று மாற்ற வழி உண்டு. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். குளோனிடினைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும், மன அழுத்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் உடம்பு படுத்தும்.

சிறுநீர்ப்பை மாத்திரையில் ஒரு சுழல் உண்டு, கவனியுங்கள். மாத்திரை வாயை வறட்டும், வறட்சிக்கு அவர் நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பார், குடித்ததால் அடிக்கடி சிறுநீர் வரும், மாத்திரை போதவில்லை என்று அளவைக் கூட்டுவார்கள், வாய் இன்னும் காயும். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று யாரும் கேட்காதவரை இது ஓடிக்கொண்டே இருக்கும்.

நெஞ்சு வலிக்காக நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் மாத்திரை வைப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. வாய் காய்ந்திருந்தால் அது கரைவதற்கு நேரம் எடுக்கும், வேலை செய்யவும் நேரமாகும். ஒரு வாய் தண்ணீரால் வாயை நனைத்துவிட்டு வையுங்கள், அல்லது ஸ்பிரே வடிவம் தர முடியுமா என்று கேளுங்கள்.

சர்க்கரை நோய் இருந்தால்

ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது சிறுநீர் வழியாக நீர் வெளியேறுகிறது, உடம்பு காய்கிறது, எச்சிலும் குறைகிறது. அதனால் வாய் திடீரென்று அதிகம் காய ஆரம்பித்தால் முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுகிறவை, அவற்றை ஆரம்பித்த பிறகு தாகம் கூடினால் அதையும் சொல்லுங்கள். இங்கே தண்ணீர் குடிப்பது சரியான வழி, தண்ணீர் மட்டும்தான், ஜூஸ் கிடையாது. சர்க்கரையும் அதிகம், எச்சிலும் குறைவு என்றால் வாய்க்குள் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்: கன்னத்திலும் நாக்கிலும் வழித்தால் வரும் வெள்ளைப் படலம், அல்லது பல்செட்டுக்கு அடியில் சிவந்த எரிச்சல், வாய் ஓரத்தில் வெடிப்பு. இதற்கு மருந்து உண்டு, வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்த வேண்டாம். லோ சுகருக்காக மிட்டாய் சாப்பிட நேர்ந்தால் தயங்காமல் சாப்பிடுங்கள், நிலைமை சரியான பிறகு வாயைக் கொப்பளித்தால் போதும்.

டயாலிசிஸ், இதயச் செயலிழப்பு: தண்ணீருக்குக் கணக்கு இருப்பவர்கள்

இவர்களுக்குத்தான் வழக்கமான அறிவுரை மிக மோசமாகப் பொருந்தும். வாய் காய்வதால் குடிப்பது, குடித்ததால் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எடை ஏறுவது, கால் வீங்கி மூச்சு வாங்குவது என்று போகும். முதலில் உப்பைக் குறையுங்கள், ஏனென்றால் தாகத்தைக் கிளப்புவதே உப்புதான், உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்வது நடக்காத காரியம். அப்புறம், குடிக்காமல் நனைக்கப் பழகுங்கள்: குளிர்ந்த தண்ணீரில் கொப்பளித்துத் துப்புவது, சின்ன ஸ்பிரே பாட்டிலால் நாக்கில் ஒன்றிரண்டு தடவை அடிப்பது, சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்வது. ஐஸ் கட்டி நிறைய நேரம் நிற்கும், நல்லதுதான், ஆனால் உருகினால் அதுவும் தண்ணீரே, அன்றைய அளவில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கான தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி, அதிலிருந்து மட்டும் எடுத்துக் குடித்தால் ஏமாற்றம் இருக்காது.

மனநிலை ஏற்றத்தாழ்வுக்கு லித்தியம் மாத்திரை போடுகிறவர்களுக்கு இது நேர்த்தலைகீழ். அவர்களுக்கும் தாகமும் வறட்சியும் வரும், ஆனால் தண்ணீரையும் உப்பையும் திடீரென்று குறைத்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகிவிடும். அவர்கள் தாகத்துக்குக் குடிக்க வேண்டும், இனிப்புப் பானம் வேண்டாம், தாகம் கூடினால் ரத்தத்தில் லித்தியம் அளவும் சிறுநீரகமும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

தலை, கழுத்துப் பகுதியில் ரேடியேஷன்

இது தொடங்குவதற்கு முன்பே பல் டாக்டரைப் பாருங்கள். இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டாலும் சரி. எடுக்க வேண்டிய பல்லை ரேடியேஷனுக்கு முன் எடுத்து, புண் ஆற நாள் கொடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் பின்னாளில் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அழுகிப் போகும் வாய்ப்பு இருக்கிறது. வருடங்கள் கழிந்தாலும், எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்ல வேண்டியது "எனக்கு இங்கே ரேடியேஷன் நடந்திருக்கிறது" என்பதுதான்.

காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட் சுரப்பி கதிர்வீச்சை அவ்வளவாகத் தாங்காது. முதல் வாரத்திலேயே எச்சில் குறையத் தொடங்கும், தண்ணீர் மாதிரி இருந்தது போய் இழுத்தால் நூல் மாதிரி வரும். இந்தச் சுரப்பிக்குப் போகும் சராசரி அளவை சுமார் 26 கிரேக்குக் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கீழே வைக்க முடிந்தால் எச்சில் ஓரளவு திரும்பி வரும், கதிர்களைக் கட்டியின் வடிவத்துக்கு ஏற்பச் செலுத்தும் இப்போதுள்ள ஐஎம்ஆர்டி முறையில் அதற்குத்தான் முயற்சி செய்கிறார்கள். உங்கள் டாக்டரிடம் "ஒரு பக்கச் சுரப்பியையாவது காப்பாற்ற முடியுமா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. கட்டியின் இடத்தைப் பொறுத்துச் சில சமயம் முடியாது, அதையும் அவர் சொல்லுவார். திரும்பி வருவதானால் ஒன்றிரண்டு வருடம் வரை மெல்ல மெல்ல வரும்.

நூலாக ஒட்டும் எச்சிலுக்கு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து நாளைக்குப் பல தடவை கொப்பளித்துத் துப்புங்கள், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை அவசியம். தினமும் புதிதாகக் கரையுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைத் தொடவே வேண்டாம், எரியும், மேலும் வறட்டும்.

பைலோகார்பின் என்ற மாத்திரை மீதமிருக்கும் சுரப்பியைத் தூண்டும், வழக்கமாக 5 மில்லிகிராம் நாளைக்கு மூன்று வேளை. ரேடியேஷனுக்குப் பிறகு முழுப் பலன் தெரிய 12 வாரம் வரை ஆகலாம், இரண்டே வாரத்தில் விட்டுவிடாதீர்கள். கூடவே வியர்த்துக் கொட்டும், பலர் நிறுத்துவதே அதனால்தான். கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா, குறுங்கோண கிளாக்கோமா (கண் அழுத்த நோயில் ஒரு வகை) இருப்பவர்களுக்கு இது ஆகாது, இதய நோய் இருந்தால் சொல்லாமல் வாங்கக் கூடாது. மேலே சொன்ன அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்தையும் போட்டுக்கொண்டு இதையும் போட்டால் ஒன்றை ஒன்று கெடுக்கும், டாக்டர் கவனிக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் வாங்கியவர்களுக்கும் சுரப்பி பாதிக்கப்படும், சாப்பிடும்போது கன்னம் வீங்கி வலித்தால் அதைச் சிகிச்சை தந்தவரிடம் சொல்லுங்கள்.

கண்ணும் சேர்ந்து காய்ந்தால்

கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், வாய் வறட்சி, மூட்டு வலி, காரணமில்லாத களைப்பு எல்லாம் மாதக் கணக்கில் நீடித்தால் ஷோக்ரன் நோய்க்குச் சோதனை செய்யச் சொல்லுங்கள். உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் இது, 10 பேரில் சுமார் 9 பேர் பெண்கள். பல வருடம் "டென்ஷன்", "மாதவிடாய் நிற்கும் வயது" என்று தள்ளிப்போடப்படுவது இதில் சகஜம், அதனால் விடாமல் கேளுங்கள். ஆன்ட்டி-ரோ என்ற ரத்தப் பரிசோதனை, இமைக்குள் தாள் வைத்துக் கண்ணீரை அளப்பது (5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ நனைந்தால் குறைவு), கீழ் உதட்டின் உட்புறத்திலிருந்து குட்டிச் சுரப்பிகளை எடுத்துப் பார்ப்பது, இவைதான் முக்கியமானவை. எச்சில் நிமிடத்துக்கு 0.1 மில்லி அல்லது அதற்குக் கீழ் என்பதும் கணக்கில் வரும், அதாவது நீங்கள் வீட்டில் அளந்த அந்த 1 மில்லி. நோய் உறுதியானவர்களுக்கு காது முன்னால் வீக்கம் வந்து வடியாமலே நின்றால் உடனே காட்ட வேண்டும், இவர்களுக்கு லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆன்ட்டி-ரோ இருக்கும் பெண் கருத்தரிக்க நினைத்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அது குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும்.

எச்சில் வடிகிறவர்களுக்கு

பார்க்கின்சன் நோயில் வாயோரம் எச்சில் வடிந்தால் அதிகம் சுரப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல, விழுங்குவது குறைந்துபோவதுதான். வடிவதை நிறுத்த வறட்டும் மருந்தைக் கொடுத்தால் உள்ளே பல் சொத்தையாகும், வயதானவருக்குக் குழப்பமும் மலச்சிக்கலும் வரும். நிமிர்ந்து உட்கார வைப்பது, அடிக்கடி விழுங்க நினைவூட்டுவது, விழுங்கும் பயிற்சி தருபவரைப் பார்ப்பது இதெல்லாம் முதலில். குளோசபின் மட்டும் மனநோய் மருந்துகளில் விதிவிலக்கு, ராத்திரி தலையணை நனையும் அளவுக்கு வடியும், அதை டாக்டரிடம் சொன்னால் வழி உண்டு.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வாய் காய்கிறதே என்று தண்ணீரை ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியாலோ ஸ்பாஞ்ச் குச்சியாலோ நாக்கையும் கன்னத்தையும் துடைத்து விடுங்கள். சிபாப் (முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்று தரும் கருவி) அல்லது ஆக்சிஜன் வைத்துத் தூங்குகிறவர்கள் ஈரப்பதம் சேர்க்கும் கருவியை இணைக்கச் சொல்லுங்கள், ஆக்சிஜன் இருக்கும்போது உதட்டுக்கு எண்ணெய், வாசலின் வகை வேண்டாம், தண்ணீர் அடிப்படையிலான ஜெல் போதும்.

பல்லைக் காப்பாற்றுவது

காரணம் எதுவானாலும் இந்தப் பகுதி எல்லோருக்கும் பொது. வாய்க்குள் அமிலம் கூடி பிஎச் சுமார் 5.5க்குக் கீழே போனால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும், ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப் பகுதி அதற்கும் முன்பே கரையும். எச்சில்தான் அந்த அமிலத்தைக் கழுவி முறிக்கிறது. அது இல்லாதபோது எலுமிச்சை மிட்டாயை நாள் முழுக்கச் சப்புவது பல்லுக்குக் கேடு, உமிழ்நீர் ஊறுகிறதே என்று தோன்றினாலும். சைலிட்டால் போட்ட சூயிங்கமோ மிட்டாயோ நல்லது, ஒரே நாளில் நிறைய சாப்பிட்டால் வயிறு போகும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், நாய்க்கு சைலிட்டால் விஷம்.

எச்சில் குறைவு என்று உறுதியானவர்கள் 5000 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டைப் பல் டாக்டர் சீட்டில் வாங்கிக்கொள்ளலாம். ராத்திரி அதைக் கொண்டு விளக்கி, துப்பிவிட்டு, தண்ணீரால் கொப்பளிக்காமல் படுங்கள், தூக்கத்தில்தான் எச்சில் ஏறக்குறைய நின்றுபோகிறது, அப்போதுதான் ஃபுளோரைடு தேவை. பேஸ்ட் எரிந்தால் நுரை வராத, சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத வகையைக் கேளுங்கள். பல்செட்டை ராத்திரி கழற்றிச் சுத்தமாக வையுங்கள், போடும் முன் நனைத்துப் போடுங்கள். செயற்கை எச்சில் என்று ஜெல்லும் ஸ்பிரேயும் விற்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒருவருக்கு ஒத்துப்போகும், ஜெல் ராத்திரிக்கு வசதி. சிலவற்றில் பன்றியிலிருந்து எடுத்த மியூசின் என்ற வழவழப்புப் பொருள் இருக்கும், வேண்டாதவர்கள் லேபிளைப் பார்க்க வேண்டும். சிலவற்றில் அமிலம் சேர்ந்திருக்கும், சொந்தப் பல் இருப்பவர்களுக்கு அது வேண்டாம்.

சாப்பிடும் நேரத்தில் மட்டும் தாடைக்கு அடியில் ஒரு பக்கம் புடைத்து வலித்து, ஒரு மணி நேரத்தில் இறங்கினால் அது சுரப்பிக் குழாயில் கல்லாக இருக்கலாம். காய்ச்சலோ சீழோ சேர்ந்தால் அன்றைக்கே போங்கள். மற்றபடி, எச்சில் குறைந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல் டாக்டரைப் பார்ப்பது போதாது, மூன்று அல்லது நாலு மாதத்துக்கு ஒரு தடவை தேதி வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது அந்த மருந்துத் தாளையும், நீங்கள் அளந்த இரண்டு எண்களையும் தேதியோடு கொண்டுபோங்கள்.